சாயம் போகும் சட்டை

கோட்டைக் கொடிமரம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே, சென்னைக் கரையை நோக்கி வந்த பாய்க்கப்பல்களுக்கு ஒரு மலை தெரிந்துவிடும். கடலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே, சுமார் 850 மீட்டர் உயரத்தில், மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும் சிகரம். வெள்ளைக்கார மாலுமிகள் அதற்கு ‘நகரி நோஸ்’ என்றே பெயரிட்டுத் திசை பிடித்தார்கள். அந்த மலையின் அடிவாரத்தைச் சுற்றி நகரி, ஏகாம்பரகுப்பம், சத்திரவாடா, புத்தூர், நாராயணவனம் என்று நெசவூர்கள். தமிழ் பேசும் செங்குந்தர்களும் தெலுங்கு பேசும் நெசவாளர்களும் பாவு ஓட்டிய தெருக்கள். 2022இல் பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது நகரி சித்தூரோடு நின்றுவிட்டது. புத்தூரும் நாராயணவனமும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. மலை காட்டிய வழியில் கப்பல்கள் வந்தது, இந்த மலைக்கும் கடலுக்கும் இடையில் நெய்த துணிக்காக.

அந்தத் துணியில் ஒரு வகை, நூலிலேயே சாயம் ஏற்றிக் கட்டம் போட்டு நெய்தது. நம் ஊரில் அது கைலியாக இடுப்பில் இருந்தது, துண்டாகத் தோளில் இருந்தது. வயலுக்குப் போகிறவரும் தறியில் உட்கார்ந்தவரும் கட்டியது. அதே கட்டம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கிழக்குக் கரையில், பரம்பரைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கோடைச் சட்டையாகவும் கோட்டாகவும் அரைக்கால் சட்டையாகவும் ஆகிப்போனது. யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத் போன்ற பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் தனியார் பள்ளிகளுக்கும் உரிய அந்த உடைப் பாணியைப் ‘பிரெப்பி’ என்கிறார்கள். மெட்ராஸ் கட்டம் இல்லாமல் அந்தப் பாணியைப் பேசவே முடியாது.

இந்தத் துணியின் கதையைச் சாயத்தைப் பிடித்துக்கொண்டு படித்தால்தான் அதன் நடுவிலிருக்கும் திருப்பம் புரியும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் உலகம் நம் கடற்கரைத் துணியை வாங்கியதற்குப் பெரிய காரணம், துவைத்தாலும் அதன் சாயம் நின்றது. 1958க்குப் பிறகு அமெரிக்கா அதே கரையின் துணியைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கியதற்குக் காரணம், அதன் சாயம் போனது.

முதலில் நின்ற சாயம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1626இல் ஆர்மகானில் ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. இன்றைய திருப்பதி மாவட்டத்தில் உள்ள துர்கராஜபட்டினம்தான் அந்த ஆர்மகான். அங்கே வியாபாரம் சரிப்படவில்லை. பொறுப்பிலிருந்த பிரான்சிஸ் டே தெற்கே நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடினார். 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் மதராசபட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார். இந்தத் தாமர்ல வம்சம்தான் பின்னாளில் காளஹஸ்தி ஜமீனை ஆண்டது. நாயக்கருக்கு மேலே இருந்தவர் விஜயநகர வழியில் வந்த சந்திரகிரி அரசர். 1645இல் அந்த வழியில் வந்த ஸ்ரீரங்கராயர் அனுமதியைப் புதுப்பித்தார். திருப்பதிக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் சந்திரகிரி ராஜமகாலைப் பார்த்துவிட்டு வருவதுண்டு. சென்னை என்ற நகரம் பிறந்த கதையின் ஒரு முனை அங்கே இருக்கிறது. இன்னொரு முனை துணி மூட்டையில் இருக்கிறது.

சாயத்துக்கு வருகிறேன். சிவப்புக்குச் சாயவேர். கடலோர மணலில் வளரும் சின்னஞ்சிறு செடி. நீண்ட மெல்லிய வேரின் பட்டையில் சிவப்பு இருக்கும். நீலத்துக்கு அவுரி, கடப்பையும் வட ஆற்காடும் 19ஆம் நூற்றாண்டில் அவுரிக்குப் பெயர் பெற்ற பகுதிகள். மஞ்சளுக்கு மஞ்சளே. இந்த மூன்றில் சாயவேர்ச் சிவப்பு ஏற்றுவது மாபெரும் பொறுமை கேட்கும் வேலை. பருத்தி நூல் தானாகச் சாயத்தைப் பிடிக்காது. நூலை எண்ணெயிலும் சாம்பல் தெளிநீரிலும் ஆட்டுப்புழுக்கைக் கரைசலிலும் தோய்த்துப் பிழிந்து வெயிலில் காயவைப்பார்கள். மறுநாளும் அதையே செய்வார்கள். பல நாள் இது நடக்கும். பிறகு காயா மரத்து இலை. அந்த இலையில் இயற்கையாகவே அலுமினியம் சேர்ந்திருக்கிறது; படிகாரம் செய்யும் வேலையை அது செய்யும், சாயத்தை நூலோடு கட்டிப்போடும். அதன் பிறகுதான் சாயவேர்த் தண்ணீரில் கொதி. எட்வின் ஹோல்டர் 1896இல் சென்னை மாகாணச் சாயத்தொழில் பற்றித் தனி நூலே எழுதினார். சாயக்காரர்களுக்கு வேதியியல் சமன்பாடு தெரியாது. எந்த நாளில் எந்தத் தண்ணீரில் எந்த நிறம் நிற்கும் என்று தெரியும். ஐரோப்பியச் சாயக்காரர்கள் அந்தக் காலத்தில் பருத்தியில் இப்படி நிறத்தை நிறுத்தத் தெரியாமல் தவித்தார்கள் என்பதை நினைத்தால், அந்த அறிவின் உயரம் விளங்கும்.

கட்டம் போடுவது அடுத்த வேலை. பாவு ஓட்டும்போதே எத்தனை இழை சிவப்பு, எத்தனை நீலம், எத்தனை வெள்ளை என்று வரிசை வைத்துவிட வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்த பிறகு ஊடைக்கும் அதே கணக்கு. நிறம் மாறும்போதெல்லாம் நாடாவை மாற்ற வேண்டும். ஓர் இழை பிசகினால் அந்தக் கட்டம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். நூலிலேயே சாயம் இருப்பதால் துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று வித்தியாசம் கிடையாது. ஒரு கஜம் அகலம், 8 கஜம் நீளம் ஒரு பீஸ். கஜத்துக்கு ஒன்றாக வெட்டினால் தலையில் கட்டச் சதுரத் துணி கிடைக்கும். அதனால்தான் ஏற்றுமதிக் கணக்கில் அதற்குக் ‘கைக்குட்டை’ என்று பெயர். கையில் வைத்துக்கொள்வதற்கு நெய்தது இல்லை.

ஸ்காட்லாந்துப் படைகளின் கட்டப் பாவாடையைப் பார்த்துத்தான் நம் நெசவாளர்கள் கட்டம் போடக் கற்றார்கள் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் படைகள் இங்கே வருவதற்கு வெகு முன்பே கட்டத் துணி இந்தக் கரையிலிருந்து கப்பலேறியாகிவிட்டது. சில வடிவங்களை வாங்குபவர் கேட்டு நெய்திருக்கலாம். கட்டம் என்ற அறிவு கடன் வாங்கியது அன்று.

ஏறிய கப்பல்கள் போன இடங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். நாராயணவனம் பக்கத்து மலைகளில் பிறக்கும் ஆரணியாறு பழவேற்காட்டில் கடலைத் தொடுகிறது. அங்கே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி நடத்திய துணி வியாபாரத்தின் தடம் இன்றைக்கும் பல நாடுகளின் பேச்சில் இருக்கிறது. மலேசியாவில் கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் கைக்குட்டை ‘பாலியகாத்தே’. இரண்டும் பழவேற்காடுதான்.

கரீபியன் தீவுகளுக்குப் போன துணியின் கதை கனமானது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்க ஐரோப்பிய வியாபாரிகள் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணியும் உண்டு. அப்படி விற்கப்பட்டவர்களின் பெண்மக்கள் மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் செயின்ட் லூசியாவிலும் டொமினிக்காவிலும் அதே கட்டத் துணியைத் தலையில் கட்டி, அதைத் தங்கள் அடையாளமாக ஆக்கிக்கொண்டார்கள். மடிப்பு மடிப்பாகக் கட்டி, மஞ்சள் கட்டங்களின் மேல் தூரிகையால் மஞ்சள் நிறத்தைத் தீட்டிப் பளிச்சிடவைத்தார்கள். அங்கே இன்றும் விழா நாளில் ‘மெட்ராஸ்’ என்றால் துணிதான். இப்படி ஒரு நகரம் இருப்பது எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ. நைஜீரிய ஆற்றுமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதை ‘இஞ்சிரி’ என்பார்கள். குழந்தை பிறந்த வீட்டிலும் இறந்தவரைக் கிடத்தும் அறையிலும் அது வேண்டும். கலபாரிப் பெண்கள் கட்டத்திலிருந்து சில இழைகளை மட்டும் பிளேடால் வெட்டி உருவி எடுத்து, துணிக்குள் புது வடிவம் கொண்டுவருவார்கள். அதற்குப் ‘பெலெத்தே பிதே’ என்று பெயர். அசல் துணியா என்று முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். நெய்தவரின் கைவேலையை இவ்வளவு கூர்ந்து படித்த வாசகர்கள் வேறு எங்கும் அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். 20ஆம் நூற்றாண்டில் இந்த நைஜீரியச் சந்தைக்காகவே சீராலா போன்ற ஊர்களில் ‘ரியல் மெட்ராஸ்’ கைக்குட்டை நெய்தார்கள்.

அமெரிக்காவுக்கு வருவோம். புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல், பதவியில் இருந்தபடியே சொந்த வியாபாரத்தில் சொத்துக் குவித்து, அந்தப் புகாரிலேயே பதவி இழந்தவர். 1718இல் கனெக்டிகட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு சிறிய கல்லூரிக்கு 417 புத்தகங்களும் மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் 9 மூட்டைச் சரக்கும் அனுப்பினார். மூட்டைகளில் இருந்தது துணிமணி. விற்றதில் சுமார் 562 பவுண்டு கிடைத்தது, கட்டடம் எழுந்தது, கல்லூரிக்கு யேல் என்று பெயர் வந்தது. அவர் கவர்னராக இருந்த காலத்தில் சென்னையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். அடிமைமுறையோடு தனக்கு இருந்த தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் 2024இல் மன்னிப்புக் கேட்டது. அந்தக் கல்லூரி வாசலில்தான் 1902இல் ஜாகோபி பிரெஸ் என்ற தையற்காரர் ‘ஜே. பிரெஸ்’ கடையைத் திறந்தார். பிரெப்பிப் பாணியின் தாய்க்கடைகளில் ஒன்று அது. துணி விற்ற காசில் வளர்ந்த கல்லூரியின் மாணவர்கள், அதே கரையின் துணியை ஒருநாள் அந்த வீதியில் உடுத்தித் திரிந்தார்கள்.

இந்தப் பாணியின் உடைகள் பெரும்பாலும் வேறு யாரிடமிருந்தோ எடுத்தவை. காலர் நுனியில் பொத்தான் வைத்த சட்டை, இங்கிலாந்துப் போலோ ஆட்டக்காரர்களைப் பார்த்து புரூக்ஸ் பிரதர்ஸ் கடை செய்தது. 1818இல் நியூயார்க்கில் தொடங்கிய கடை அது. முதலை படம் போட்ட அரைக்கைச் சட்டை பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்த் 1933இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. படகில் வழுக்காத காலணி 1935இல் பால் ஸ்பெரி செய்தது. கயிறில்லாத ‘வீஜன்’ லோஃபர் 1936இல் பாஸ் கம்பெனி விற்றது.

சீனோ என்ற காக்கிக் கால்சட்டைக்கு மட்டும் நான் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் அதுவும் நம் துணைக்கண்டத்துச் சாயம். 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் தன் படைக்கு மண்நிற உடை கொடுத்தார். 1850களின் தொடக்கத்தில் மங்களூர் பாசல் மிஷன் நெசவாலையில் ஹாலர் என்பவர் காக்கிச் சாயம் உருவாக்கினார். அது உலகப் படைகளுக்கெல்லாம் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, போர்வீரர்களின் படிப்புக்கு உதவ 1944இல் வந்த சட்டத்தின் உதவித்தொகையில் கல்லூரிக்கு வந்த அமெரிக்கப் போர்வீரர்கள் ராணுவக் காக்கியோடு வகுப்பில் உட்கார்ந்தார்கள். இப்படிக் காக்கியும் மெட்ராஸ் கட்டமும் சேர்ந்து ஒரே உடம்பில் ஏறின. இங்கே போலீஸ்காரர் கால்சட்டையும் கூலிக்காரர் கைலியும். அங்கே செல்வச் செழிப்பின் ஓய்வுநாள் உடை.

மெட்ராஸ் சட்டை அமெரிக்கக் கடைகளில் 20ஆம் நூற்றாண்டு பிறப்பதற்கு முன்பே தலைகாட்டியிருந்தது. ஆனால் அதைப் பித்தாக மாற்றிய நிகழ்ச்சி 1958இல் நடந்தது. கண்ணூரில் பிறந்து, கைத்தறித் துணி ஏற்றுமதியில் இறங்கி, பின்னாளில் லீலா ஓட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் தன் கதையாகச் சொல்லிவந்தது இது. வில்லியம் ஜாகப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இந்தியாவுக்கு வந்தார். அழுத்தமான நிறமும் வாசனையும் கொண்ட கட்டத் துணி அவருக்குப் பிடித்துப்போயிற்று. கஜம் ஒரு டாலர். பச்சைத் தண்ணீரில் மென்மையாக அலசவேண்டும், இல்லாவிட்டால் சாயம் ஓடும் என்று நாயர் எச்சரித்தார். ஜாகப்சன் 10,000 கஜத்தைப் புரூக்ஸ் பிரதர்ஸுக்கு விற்றார். எச்சரிக்கை அந்தத் துணியோடு போகவில்லை. வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட, சிவப்பு மஞ்சளில் ஏற, நீலம் வெள்ளையில் பரவ, கடைக்குப் புகார் குவிந்தது. நாயரை வழக்கு மிரட்டியது. அவர் அமெரிக்காவுக்கே கிளம்பிப் போனார். அங்கே ‘செவன்டீன்’ பத்திரிகையின் ஆசிரியர் அவரைச் சந்தித்துப் பெரிய கட்டுரை வெளியிட்டார். ஒவ்வொரு சலவைக்கும் புது நிறம் காட்டும், கையால் நெய்த இந்திய அதிசயம் என்று கதை திரும்பியது. ‘பிளீடிங் மெட்ராஸ்’ பிறந்தது. சாயம் போகும் என்பதற்கே உத்தரவாதம் கொடுத்து விளம்பரம் செய்தார்கள். 1960களில் அமெரிக்க வர்த்தக ஆணையமே இந்தப் பெயரை எந்தத் துணிக்குப் போடலாம், போடக்கூடாது என்று வரையறுக்கும் நிலை வந்தது. போலித் துணிகள் அவ்வளவு பெருகியிருந்தன.

ஏன் சாயம் போனது? மஞ்சள்கிழங்கின் நிறம் வெயிலில் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். அவுரி நீலம் நூலுக்குள் ஊறாமல் மேலே படிந்து நிற்பது; தேய்த்தால் உதிரும். விளம்பரம் இவற்றை எல்லாம் தாவரச் சாயத்தின் பழங்காலப் பெருமை என்று பாடியது. எனக்கு உறுத்துவது இதுதான். ஜெர்மன் வேதியியலாளர்கள் 1869லேயே சிவப்பையும், 1897இல் நீலத்தையும் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிவிட்டார்கள். டப்பாவில் வந்த சாயம் சாயவேர் தோண்டியவர்களையும் அவுரித் தொட்டி வைத்திருந்தவர்களையும் துடைத்துப்போட்டது. 1958இல் இந்தக் கரையில் சாயவேரால் நூல் தோய்க்கும் பட்டறையைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. பத்துப் பதினைந்து நாள் தோய்த்துக் காயவைத்து நிறத்தைக் கட்டிப்போட்ட பரம்பரையின் பெயரில், கட்டிப்போடாத சாயம் விற்பனையானது. நாயர் நல்ல வியாபாரி, கெட்டிக்காரர்; ஒரு பெரும் நட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கான தறிகளுக்கு வேலை வாங்கிக்கொடுத்தார். அதை மதிக்கிறேன். ஆனால் ‘இந்தியச் சாயம் என்றால் போகும்’ என்று உலகம் கற்றுக்கொண்டது தவறான பாடம்.

அங்கே அதற்குப் பொருள் வேறாகவும் இருந்தது. வெளுத்த மெட்ராஸ் சட்டை, இவன் பல கோடைகளைக் கடற்கரை வீட்டில் கழித்தவன் என்று சொல்லும். புதிது வாங்கிப் பகட்டுகிறவன் புதுப்பணக்காரன். பழையதை நிறம் மங்கும்வரை உடுத்துகிறவன் பரம்பரைக்காரன். நம் ஊரில் வெளுத்த கைலி வறுமையின் அடையாளம். ஒரே வெளுப்பு, இரண்டு கரைகளில் நேர் எதிரான இரண்டு பொருள்.

1965இல் ஜப்பானியப் புகைப்படக்காரர் தெருயோஷி ஹயாஷிதாவின் படங்களோடு ‘டேக் ஐவி’ புத்தகம் வந்தது. அமெரிக்க மாணவர்களின் கட்டத் துணி அரைக்கால் சட்டைகளை அதில் பார்த்துத் தோக்கியோ இளைஞர்கள் உடை தைத்துக்கொண்டார்கள். ரால்ஃப் லாரன் 1967இல் தொடங்கிய ‘போலோ’ நிறுவனம், வெட்டுத் துண்டுகளை ஒட்டுப்போட்ட மெட்ராஸையும் பெரிய கடைகளுக்குக் கொண்டுபோனது. 1980இல் லிசா பர்ன்பாக்கின் பிரெப்பிக் கையேடு வந்தபோது, முன்பு வேலிக்குள் இருந்த பாணியை யாரும் கடையில் வாங்கலாம் என்றாகிவிட்டது. புரூக்ஸ் பிரதர்ஸ் 2020இல் திவால் மனு கொடுத்து, கைமாறியது.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாறியது. ம. பொ. சிவஞானத்தின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. ஒரே நெசவுச் சொந்தங்கள் நகரியிலும் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் இரண்டு மாநிலத்து மக்களானார்கள். நூல் விலை, மின்சாரச் சலுகை, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் இரண்டு சட்டங்களின் கீழ் போயின. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கென்று வைத்தது. லுங்கியும் அதில் ஒன்று. சட்டத்தை மீறிய வேகத்தில் விசைத்தறி பரவியது. இப்போது நகரியில் நுழைந்தால் காதில் விழுவது விசைத்தறியின் தடதடப்புதான். குழித்தறிகள் சில வீடுகளின் இருட்டுக் கூடத்தில் மிஞ்சியிருக்கின்றன.

எந்தத் தெருவின் தறி எந்தக் கட்டத்தை நெய்தது என்று ஏற்றுமதிக் கணக்கு எழுதிவைக்கவில்லை. துறைமுகத்தின் பெயர் எல்லாத் துணிக்கும் ஒட்டிக்கொண்டது. நாராயணவனமும் பொன்னேரியும் குடியாத்தமும் சட்டைக் காலருக்குள் தைத்த சீட்டில் ஒருநாளும் இடம்பெறவில்லை. ஒயினுக்குத் தோட்டத்தின் பெயரைச் சொல்லி விலை கேட்கும் உலகம் இது. நெய்த ஊரையும் நெய்தவர் கூலியையும் சீட்டில் எழுதி ஒரு மெட்ராஸ் சட்டை விற்பனைக்கு வருமானால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அதற்கு முன்னால் செய்யவேண்டிய அவசர வேலை ஒன்று உண்டு. நகரி, புத்தூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வாய்க்கால் வழியாக ஆற்றில் கலக்கிறது என்று எல்லையின் இரு பக்கத்தவரும் நெடுநாளாகப் புகார் சொல்கிறார்கள். நகரி ஆறு குசஸ்தலையில் சேரும். குசஸ்தலை பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வரும். பூண்டித் தண்ணீரைக் குடிப்பது சென்னை. சிறு பட்டறைக்காரர் தனியாகச் சுத்திகரிப்பு இயந்திரம் வைக்க முடியாது. இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, அதை நடத்தும் செலவையும் ஏற்றுக்கொண்டால்தான் பட்டறையும் பிழைக்கும், ஆறும் பிழைக்கும்.